சூக்கா அக்காவும் என் பத்து விரலும்

அந்தமானில் சூக்கா அக்காவைவிட மெதுவாக முடிவெடுத்த ஜீவன் கிடையாது. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. ஆமை என்பீர்கள். எங்கள் கடற்கரைக்கு வரும் ஆமை ஒரே மூச்சில் கரையேறி, இடம் பார்த்து, குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போயே போய்விடும். அக்கா ஆமையாகப் பிறந்திருந்தால், எந்த மணல் நல்ல மணல் என்று விசாரிப்பதிலேயே ஒரு சீசன் போயிருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். குக்கர் வாங்க அவருக்கு எட்டு மாதம் ஆயிற்று. மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா, மூடி உள்ளே போவதா வெளியே பூட்டுவதா என்று அவர் ஆராய்ந்த எட்டு மாதமும் அவர் வீட்டுப் பருப்பு எங்கள் குக்கரில்தான் வெந்தது. கடைசியில் எங்கள் குக்கரைப் போலவே அச்சு அசலாக ஒன்றை வாங்கினார். "எட்டு மாசம் சமைச்சுப் பாத்துட்டு வாங்கினது தம்பி. உங்கள மாதிரி கண்ண மூடிக்கிட்டு வாங்கல" என்று எங்களுக்கே ஒரு குட்டும் வைத்தார்.

இப்படிப்பட்ட மனுஷி நாற்பத்தாறு வயதில் நகத்துக்கு ஜெல் பாலிஷ் போடும் தொழிலில் இறங்கினார். எந்த ஜெல் பாலிஷ் வாங்குவது என்று முடிவெடுக்க ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். அந்த ஒன்றரை வருஷத்தில் சேதாரம் அடைந்தது அவர் அல்ல, நான்.

டவுனுக்கு வெளியே கராச்சர்மாவில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவருடையது. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். கணவர் தீவுக்குத் தீவு போகும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில்தான் இருப்பார். பிள்ளைகள் கிடையாது. எங்கள் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு, வீட்டுப் பாடம், சண்டை எல்லாம். என் மனைவி மாலதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல்துறையில், டிக்கெட் கவுண்டரில் குமாஸ்தா. இரண்டு பேரும் வீடு திரும்பும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நான் அவருக்கு அடிமை ஆனேன். வாசகர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

நகப் பைத்தியம் அவருக்குப் பஸ்ஸில்தான் பிடித்தது. டவுனுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற ஒரு டூரிஸ்ட் பெண்ணின் நகத்தைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் எங்கள் வாசலில் நின்று தீர்ப்பு வாசித்தார். "மெயின்லேண்ட்லேருந்து ப்ளேன் ஏறி வந்துருக்கா. நகத்தப் பாத்தா சுண்ணாம்பு அடிச்ச செவுரு மழையில நனைஞ்ச மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் பொரை பொரையா உரியுது. இதுக்கு ஒரு பார்லரு, அதுக்கு ஒரு ஃபீஸு! நான் போட்டாக்கூட இதவிட நல்லாப் போடுவேன் தம்பி." அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

கராச்சர்மா மெயின் ரோட்டில் பௌதியின் பியூட்டி பார்லர் இருக்கிறது. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அந்த அம்மாள் ஊருக்கே அண்ணி. அக்கா அங்கே போய் அதே தீர்ப்பைப் பௌதியின் முகத்துக்கு நேரேயே வாசித்திருக்கிறார். பௌதி கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலோரம் காலியாகக் கிடந்த ஒரு மேசையைக் காட்டி, "யே டேபிள் தேரா" என்றாராம். மேசை உனக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை. அக்கா போட்ட ஜெல் யாராவது ஒருவர் கையில் பதினாலு நாள் உரியாமல் நிற்க வேண்டும். அதைப் பௌதி தன் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த வருஷக் கல்யாண சீசன் ஆரம்பிப்பதற்குள் அது நடக்காவிட்டால், சென்னையில் கோர்ஸ் முடித்துச் சர்டிபிகேட்டோடு வந்திருக்கும் மரைன் ஹில் பெண் ஒருத்திக்கு மேசை போய்விடும்.

அக்காவுக்குச் சர்டிபிகேட் என்ற வார்த்தையே ஆகாது. "சர்டிபிகேட்டையா நகத்துல ஒட்டப்போறா?" என்பார்.

சீசனுக்கு அப்போது ஒன்றரை வருஷம் இருந்தது. அவ்வளவு தூரம் தள்ளிக் கெடு வாங்கி வந்ததிலிருந்தே அக்கா தன்னைப் பற்றி நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார் என்று புரிகிறது.

சாதாரண நகப்பூச்சு காற்றில் காயும். ஜெல் அப்படிக் காயாது. ஒரு சின்ன லேம்ப்புக்குள் விரலை நீட்டினால்தான் இறுகும். இதற்கு அடிப்பூச்சு, கலர், மேல்பூச்சு, லேம்ப் என்று நாலு சாமான் வேண்டும். நாலும் சேர்ந்ததுதான் 'சிஸ்டம்'. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஏதாவது ஒரு சிஸ்டத்தைப் பிடித்துக்கொண்டு பழகிவிடுவார்களாம். அக்காவா பிடிப்பார்? வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஒரு வீடியோவில் ஒருத்தி நல்லது என்பாள், அடுத்ததில் இன்னொருத்தி அதையே குப்பை என்பாள். அக்கா இரண்டு பேரையும் குப்பை என்பார்.

"நாலும் ஒரே குடும்பமா இருக்கணும் தம்பி. அடிப்பூச்சு ஒரு கம்பெனி, மேல்பூச்சு ஒரு கம்பெனின்னு கலந்தா மாமியா மருமக கதைதான். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது."

நியாயமான பேச்சுதான். ஆனால் மெயின்லேண்டில் விற்கிறவர்களுக்குப் போன் போட்டு அவர் கேட்ட கேள்விகள் நியாயமானவை அல்ல. "உப்புக் காத்துல நிக்குமா? நீங்க உப்புக் காத்துல உக்காந்து பாத்திருக்கீங்களா? மீன் கழுவுனா? கருவாடு கழுவுனா?" ஒருவர் பொறுமையாக, "மேடம், கருவாடு கழுவுற கைக்கு எதுக்கு மேடம் ஜெல் பாலிஷ்?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கம்பெனியை அக்கா தன் வாழ்நாளுக்கும் தள்ளிவைத்தார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்றைத் தருவித்தார். வெள்ளை மூடி, கறுப்பு மூடி, தங்க மூடி. கம்பெனிப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் மூடியை வைத்தே பெயர். பாட்டில்கள் தீப்பிடிக்கிற சமாச்சாரம் என்பதால் ப்ளேனில் ஏற்ற மாட்டார்கள், கப்பலில்தான் வரும். லேம்ப் மட்டும் ப்ளேனில் வந்தது. முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்து குந்திய மாப்பிள்ளை மாதிரி லேம்ப் அக்கா வீட்டு டிவி மேசையில் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தது.

பாட்டிலும் வந்தது. இனி நகம் வேண்டும்.

அக்காவுக்குத் தன் நகத்திலேயே போட்டுப் பார்க்க முடியாது. பாத்திரம், மீன், துணி. மாலதி நர்ஸ், நகத்தில் பூச்சோடு வார்டுக்குள் போக முடியாது. மகளின் பள்ளிக்கூடத்தில் மருதாணிக்கே தண்டனை. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா அக்கா பெட்டியோடு வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவின் பார்வை மெல்லச் சுற்றி வந்து என் கையில் நின்றது.

"அக்கா, நான் ஆம்பள."

"நகத்துல எங்கப்பு ஆம்பள பொம்பள? கையக் காட்டு."

காட்டினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து நகம் கடிக்கும் பழக்கம். பத்து விரலும் எலி கொறித்த சோப்பு மாதிரி இருக்கும். அக்கா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு அருவருப்போடு என்னை யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனபோது மாலதியின் சித்தப்பாகூடப் பார்த்ததில்லை.

"தூ! இதெல்லாம் ஒரு நகமா? இதுதான் எனக்கு வேணும். இந்தக் கேவலத்துல நின்னுச்சுன்னா உலகத்துல எந்த நகத்துலயும் நிக்கும்."

"நான் கவர்மென்ட் சர்வென்ட் அக்கா. ரூல் இருக்கு."

"எந்த ரூலு? ஆம்பள குமாஸ்தா நகத்துக்குப் பாலிஷ் போடக் கூடாதுன்னு எந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்கு? காட்டு, விட்டுர்றேன்."

ஆபீஸில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு ரூல் இல்லை. இப்படி ஓர் அக்கா வருவார் என்று எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்காது, பாவம்.

டிக்கெட் கவுண்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண்ணாடி மங்கிப்போய் உள்ளே இருப்பவன் முகம் வெளியே தெரியாது. கீழே ஓர் அரைவட்டத் துவாரம். அதன் வழியாக வெளியே வருவது என் கை மட்டும்தான். இருபது வருஷமாக இந்தத் தீவு ஜனங்களுக்கு நான் ஒரு ஜோடிக் கை. அந்தக் கையில் ஒருநாள் காலை கத்திரிப்பூ நிறம் ஏறியிருந்தது.

வரிசையில் முதலில் நின்றவர் ஹேவ்லாக் தீவுக்குப் போகிற பெரியவர். டிக்கெட்டை வாங்காமல் குனிந்து துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "பாபு நஹீ ஹை க்யா? மேடம் ஆகயீ?" என்றார். பாபு இல்லையா, மேடம் வந்துவிட்டாரா? மீசையோடு ஒரு முகத்தைக் கண்டதும் டிக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு விரைந்தார். பக்கத்துக் கவுண்டர்க்காரர் சிரித்துச் சிரித்து அவருடைய ரப்பர் ஸ்டாம்ப்பை நெற்றியில் குத்திக்கொண்டார்.

அது வெள்ளை மூடி. மேல்பூச்சும் கலரும் வந்துவிட்டன. அடிப்பூச்சு மட்டும் அடுத்த கப்பலில் வருவதாகத் தகவல். "அடி இல்லாட்டி என்ன, மேல ரெண்டு வாட்டி போடுறேன்" என்று போட்டுவிட்டார் அக்கா. குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பேசியவர்தான். இரண்டாம் நாள் ஒரு டிக்கெட்டை நீட்டினேன். என் கட்டைவிரல் நகத்திலிருந்து கத்திரிப்பூ நிறத்தில் ஒரு தோல் முழுசாகக் கழன்று டிக்கெட்டோடு போயிற்று. வாங்கிய அம்மாள் போட்ட சத்தம் ஜெட்டி முழுக்கக் கேட்டது. என் நகமே கழன்று வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

வெள்ளை மூடி ஒழிந்தது. ஆனால் ஒழிவதற்கு முன் எங்கள் தலையில் ஒரு சட்டத்தைக் கட்டிவிட்டுப் போயிற்று. அதன் மேல்பூச்சு பாட்டிலில் 'நோ வைப்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அக்கா என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"வைப்னா தொடைக்கிறதுதான தம்பி?"

"ஆமாக்கா. நோ வைப். துடைக்கக் கூடாது."

நான் இருபது வருஷம் ஜெட்டியில் குப்பை கொட்டியவன். கண்ணைத் திறந்தால் போர்டு. நோ ஸ்மோக்கிங், நோ ஸ்பிட்டிங், நோ ஃபிஷிங், நோ பார்க்கிங். நோ என்று ஆரம்பித்தால் செய்யாதே என்று அர்த்தம். மீறினால் அபராதம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவும் கப்பல்காரர் மனைவி, அவருக்கும் இல்லை. அன்றிலிருந்து அது எங்கள் இரண்டு வீட்டுச் சட்டம் ஆயிற்று: ஜெல் போட்ட நகத்தை எக்காரணம் கொண்டும் துடைக்கக் கூடாது.

அடுத்தது கறுப்பு மூடி. இந்த முறை எல்லா பாட்டிலும் வந்திருந்தது. உரியாமல் இருக்கட்டும் என்று தோசைமாவு கணக்கில் தடிமனாகப் பூசி லேம்ப்புக்குள் என் கையைத் தள்ளினார். பத்தே விநாடி. அடுப்புக்குள் விரலை விட்டதுபோல் சுட்டது. நான் அலறிய அலறலில் அவர் வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வெளியே போனது, மூன்று நாள் திரும்பி வரவில்லை.

"கத்தாத. சிஸ்டம் வேல செய்யுது."

"என் விரல் வேகுதுக்கா!"

"மெல்லிசாப் போடணும் போல" என்று தன் நோட்டில் குறித்துக்கொண்டார். என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை குறிக்கவில்லை.

மெல்லிசாகவும் போட்டார். அங்கேதான் வந்தது வினை. லேம்ப்பிலிருந்து எடுத்துத் தொட்டுப் பார்த்தால் நகம் பிசுபிசு என்று ஒட்டியது. திரும்ப உள்ளே வைத்தார். எடுத்தார். ஒட்டியது. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "சூக்கா?"

சூக்கா என்றால் இந்தியில் காய்ந்ததா என்று அர்த்தம். இங்கே வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி. ஆனால் வீட்டுக்குள்ளேயே எனக்கு எதற்கு இந்தி என்று கேட்டதற்கு அக்கா சொன்னார்: "காஞ்சிருச்சான்னு கேட்டா வடாம் போட்ட மாதிரி இருக்கு தம்பி. சூக்கான்னு கேட்டாத்தான் பார்லரு."

அப்போது காரைக்குடியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். கொஞ்சம் காது மந்தம். அக்கா என்னைப் பார்த்து "சூக்கா?" என்றதை "சுகமா?" என்று வாங்கிக்கொண்டு, "சுகந்தான் ஆத்தா, முட்டிதான் வலிக்குது" என்றார். மூன்று நிமிஷம் கழித்து மறுபடி "சூக்கா?" "சுகந்தான்னு சொன்னேனே ஆத்தா." மறுபடி "சூக்கா?" ஏழாவது தடவை மாமியார் மாலதியிடம் ரகசியமாக, "தங்கமான பொம்பள. ஆனா நம்ம ஒடம்பு மேல இவளுக்கு ஏன்டி இவ்வளவு சந்தேகம்?" என்றார். தெருவுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து அவர் சூக்கா அக்கா. அவருக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது, யாரும் கூப்பிட்டதில்லை.

அவர் எத்தனை முறை "சூக்கா?" என்று கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: "இன்னும் ஒட்டுதுக்கா."

ஒட்டுகிற பத்து விரலோடு கவுண்டரில் உட்கார்ந்து பாருங்கள். டிக்கெட்டை நீட்டினால் டிக்கெட் என்னை விட்டுப் போகாது. வாங்குகிறவர் இழுக்க, நான் உதற, ஏதோ கொடுக்க மனமில்லாதவன் மாதிரி ஒரு மல்லுக்கட்டு. டிக்கெட் கட்டின் தூசி, ஸ்டாம்ப் மை, ஒரு கொசு, யாரோ ஒருவருடைய தலைமுடி, எல்லாம் என் நகத்தில் குடியேறின. துடைக்கலாமா? கூடாது. நோ வைப்.

கறுப்பு மூடியும் ஒழிந்தது. தங்க மூடி வந்தது. அதுவும் ஒட்டியது. இடையில் மழைக்காலம் முழுக்கக் கப்பலுக்குக் காத்திருப்பு, வேறு லேம்ப், திரும்பவும் கறுப்பு, திரும்பவும் தங்கம். நான் ஒருவன் மாறாமல் ஒட்டிக்கொண்டே இருந்தேன். சீசனுக்குப் பதினாறு நாள்தான் பாக்கி.

அன்று தங்க மூடியைக் கடைசியாக ஒருமுறை எனக்குப் போட்டுவிட்டு, ஒட்டுகிறது என்று நான் சொன்னதும், அக்கா லேம்ப் ஒயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். திட்டவில்லை. கம்பெனியைத் திட்டவில்லை, மரைன் ஹில் பெண்ணைத் திட்டவில்லை, என் நகத்தைக்கூடத் திட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"நாளைக்குப் பௌதிகிட்டச் சொல்லிர்றேன் தம்பி. மேச அந்தப் புள்ளைக்கே போகட்டும்."

"இன்னொரு சிஸ்டம் பாக்கலாம்க்கா."

"என்னத்தப் பாக்க? இருவத்திரெண்டு வருசமா அவரு கப்பல்ல, நான் ஜன்னல்ல. வர்ற கப்பலப் பாக்குறது, போற கப்பலப் பாக்குறது. எனக்குன்னு ஒரு மேச, எனக்கு முன்னால வந்து உக்காந்து கைய நீட்ட ஒரு ஆளு. இம்புட்டுதான் கேட்டேன். அதுக்கும் நான் லாயக்கு இல்ல போல."

  ஒட்டுகிற விரலால் லேம்ப் பெட்டியின் மூடியைச் சாத்திவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். 

மறுநாள் கவுண்டர் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் விரல்கள் கரி அள்ளியவன் விரல்கள் மாதிரி இருந்தன. சோற்றில் கை வைக்கப் போனேன். மாலதிக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷம் பொறுத்தவள்.

"அந்தக் கையாலயா சாப்பிடப்போறீங்க? எங்க வார்டுல பெருக்குறவர் கைகூட இதவிடச் சுத்தமா இருக்கும்."

"துடைக்கக் கூடாது மாலு. நோ வைப்."

"நோ வைப்பாவது மண்ணாவது!" என்று பையிலிருந்து ஊசி போடுவதற்கு முன்னால் தடவுகிற ஸ்பிரிட் பஞ்சை எடுத்தாள். என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி ஒரே இழுப்பு.

தூசி போயிற்று. மை போயிற்று. கொசு போயிற்று. பிசுபிசுப்பும் போயிற்று. அடியிலிருந்து, சத்தியமாகச் சொல்கிறேன், என் முகம் தெரிகிற பளபளப்பில் ஒரு சிவப்பு நகம் எழுந்து வந்தது. தட்டிப் பார்த்தேன், டக் டக் என்றது. கல் மாதிரி இறுகியிருந்தது.

சட்டென்று யாருக்கும் புரியவில்லை. மகள்தான் செல்போனில் தேடிப் படித்துச் சொன்னாள். ஜெல் இறுகினாலும் மேலே ஒரு பிசுக்குப் படலம் நிற்குமாம். ஸ்பிரிட்டால் துடைத்தால் போய்விடுமாம். சில மேல்பூச்சுகளில் மட்டும் அந்தப் பிசுக்கே வராதாம். அந்த வகைக்குப் பெயர்தான் நோ வைப். துடைக்காதே என்று அர்த்தமில்லை. துடைக்கத் தேவையில்லை என்று அர்த்தம்.

ஒன்றரை வருஷம்! கறுப்பு மூடியும் சரியாகத்தான் இருந்தது, தங்க மூடியும் சரியாகத்தான் இருந்தது. ஒட்டியதெல்லாம் ஒரு துடைப்பில் போகிற பிசுக்கு. ஒரு போர்டை ஒழுங்காகப் படிக்கத் தெரியாத இரண்டு முட்டாள்கள். அதில் ஒருவன் போர்டுகளுக்கு நடுவிலேயே சம்பளம் வாங்குகிறவன்.

சோற்றை அப்படியே வைத்துவிட்டு மூன்று பேரும் ஓடினோம். அக்கா வெளியே போகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றார், பௌதியிடம் சொல்லத்தான். நான் கட்டைவிரலை அவர் முகத்துக்கு முன் நீட்டினேன். தொட்டார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்துகூடப் பார்த்தார். நடந்ததை மாலதி சொன்னாள்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "அப்ப 'தொடைக்க வேண்டியதில்ல'ன்னு எழுத வேண்டியதுதான? நோவாம் நோ! இங்கிலீஷ்ல எழுதுனா கேக்க ஆளில்லன்னு நெனப்பு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயெல்லாம் ஒரு கவர்மென்ட் உத்தியோகஸ்தன்! உங்கிட்டப் போயி அர்த்தம் கேட்டேம் பாரு!" திட்டிக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டு திரும்ப வந்ததில் எனக்கு உயிர் வந்தது.

அன்றே பழையதை ஊறவைத்து எடுத்துவிட்டுப் பத்து விரலுக்கும் புதிதாகத் தங்க மூடி. மெல்லிசாக, ஓரம் விடாமல், தோலில் படாமல் போட்டார்.  ஒன்றரை வருஷம் என் மேல் பழகிய கை அல்லவா.

"அக்கா, கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஏதாவது வெள்ளக் கலர்..."

"தெரியாத கலருக்கு எதுக்கு ஒன்றர வருசம்? செம்பருத்திச் செகப்பு. மூடு."

பதினாலு நாள். சாப்பிடும்போது ஜாக்கிரதை, பஸ் கம்பியைப் பிடிக்கும்போது ஜாக்கிரதை. முக்கியமாக, கடிக்கக் கூடாது. நாற்பத்து நாலு வருஷத்தில் நான் என்னை அடக்கியது அந்தப் பன்னிரண்டு நாள்தான். பேனா மூடி நாலைக் கடித்துத் துப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. காலைக் கப்பல் ரத்து. ஜெட்டியில் கூட்டம் நெரிந்தது. துவாரத்துக்குள் பத்துக் கைகள் ஒரே நேரத்தில் நுழைந்தன. ஆளாளுக்குக் கத்தினார்கள். எப்போது வாய்க்குப் போனது என்று எனக்கே தெரியாது. வாயில் ஏதோ கரகர என்றபோதுதான் பார்த்தேன். சுண்டுவிரலில் ஒரு மூலை காணோம்.

அக்காவிடம் சொல்லத் துணிவில்லை. இரண்டு நாள் அந்தச் சுண்டுவிரலில் பசை டப்பாவின் ரப்பர் மூடியை மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

பதினாலாம் நாள் வரிசையில் ஒரு குரல். "ஹாத் தோ திகாவ், பாபு." கையைக் காட்டு. குனிந்து பார்த்தேன். பௌதி. எந்தத் தீவுக்கும் போகிறவராகத் தெரியவில்லை. தோளில் ஒரு பையைத் தவிரச் சாமானும் இல்லை. பரிசோதனைக்கென்றே பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

இரண்டு கையையும் துவாரம் வழியாக வெளியே நீட்டினேன். தமிழ் சினிமாவில் விலங்கு மாட்டுவதற்கு நீட்டுவார்களே, அப்படி. பௌதி கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். கட்டைவிரலைச் சுரண்டினார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது விரலில் ஒரு பொட்டு உரியவில்லை. பத்தாவதில் ரப்பர் மூடி.

"யே க்யா ஹை?" இது என்ன?

வரிசையில் முப்பது பேர். எல்லாக் கண்ணும் என் கையில். அடிபட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் பொய் சொல்லத் தயங்குகிறவனும் அல்ல. ஆனால் அந்த நிமிஷம், லேம்ப் ஒயரைச் சுற்றிவைத்த அக்காவின் கைதான் கண்ணில் நின்றது. இதில் சந்தேகத்துக்கு ஒரு துளி இடம் வைக்கக் கூடாது என்று தோன்றியது. மூடியைக் கழற்றினேன்.

"பௌதி, யே மைனே காட்டா. நான் கடிச்சது. அக்கா மேல தப்பில்ல. எனக்குச் சின்ன வயசுலேருந்து நகம் கடிக்கிற கெட்ட பழக்கம். பாருங்க, பல்லு பட்ட அடையாளம்." தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை, பின்வரிசைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். நாற்பத்து நாலு வயதில், சிவப்பு நகத்தோடு, நான் நகம் கடிக்கிறவன் என்று ஜெட்டியில் அறிவிப்புச் செய்த ஒரே அரசு ஊழியன் நான்தான்.

வரிசை சிரித்தது. பௌதி சிரிக்கவில்லை. கடித்த விரலை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "தாந்த் ஸே பீ ஸிர்ஃப் இத்னா?" என்றார். பல்லால் கடித்தும் இவ்வளவுதான் போயிற்றா? பிறகு பையை மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினார். அன்று சாயங்காலம் அக்கா தன் லேம்ப்பைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனதைத் தெருவே பார்த்தது.

அந்த ஜன்னலோர மேசையில் அக்கா மூன்று சீசன் ராஜ்ஜியம் நடத்தினார். கல்யாணப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கையை நீட்டியவர்களை எல்லாம் திட்டினார். "இது நகமா, கோழிக் காலா?" திட்டு வாங்கவே திரும்ப வந்தார்கள். மரைன் ஹில் பெண்ணின் சர்டிபிகேட்டைப் பற்றி அவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது. அதே பெண் ஒருநாள் அவரிடம் வந்து எந்தச் சிஸ்டம் வாங்கலாம் என்று கேட்டதாகவும், இவர் நாலு மணி நேரம் பதில் சொன்னதாகவும் கேள்வி.

போன வருஷம் அவர் கணவர் ஓய்வு பெற்றார். இருவரும் ராமநாதபுரத்துக்கே போய்விட்டார்கள். போவதா இருப்பதா என்று ஒரு வருஷம் யோசிப்பார் என்று நம்பியிருந்தேன். ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார். முதல்முறையாக அவர் சீக்கிரம் எடுத்த முடிவு, எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் போகிற கப்பல் தெரிகிற ஜெட்டியில்தான் எனக்கு வேலை. அன்று லீவு போட்டுவிட்டேன்.

நகம் கடிப்பதை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். நலம் விசாரிப்பதற்கு முன், "கையக் காட்டு" என்பார். பத்து விரலையும் திரைக்குக் காட்ட வேண்டும். ஓரம் சரியில்லை, சீவத் தெரியவில்லை, உனக்குப் போய் ஒன்றரை வருஷம் பாழாக்கினேனே என்று ஒரு மூச்சு திட்டுவார். போன வாரம் திட்டி முடித்துவிட்டுப் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, நடுவில் அவ்வளவு கடல் இருக்க, சூக்காவா சுகமாவா என்று பிரிக்க முடியாதபடி மெல்லக் கேட்டார்.

"சுகமா தம்பி?"

"இன்னும் ஒட்டுதுக்கா" என்றேன்.